அணைக்குக் கீழே ஒரு வாசகி

மிகுபுனைவு எழுத வரும் கேரளத் தமிழ்த் தம்பி தங்கைகளுக்கு, வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, நாற்பது வருடமாகக் கதை எழுதும் ஒருவன் சொல்லிக்கொள்வது. கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பிள்ளைகளும் மூணாறு, உடும்பஞ்சோலைப் பிள்ளைகளும் என்னிடம் கேட்டதையெல்லாம் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

1. ஒரு கதைக்கு ஒரு பொய் போதும். கொழுந்து நிறுக்கும் தராசு, ஒருநாள் கொழுந்தோடு சேர்த்து அதைக் கிள்ளியவளின் உண்மையான வயதையும் காட்டிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொய் அங்கேயே முடிந்தது. இனி நடப்பதெல்லாம் நிஜமாக இருக்க வேண்டும். ஓய்வு வயது தாண்டியது தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீட்டையும் ஒழித்துக் கொடுக்க வேண்டும். அப்படியானால் மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், அந்த ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், எத்தனை பெண்கள் நிற்பார்கள்? அம்மாவின் கொழுந்தை மகள் தன் சாக்கில் போட்டு நிறுப்பாளா? கணக்கப்பிள்ளை அந்த எண்ணைப் பேரேட்டில் ஏற்றுவாரா, மறைப்பாரா? இந்தக் கேள்விகளின் பின்னால் போங்கள்.

2. மாயத்துக்கு ஒரு குறை வேண்டும். பாலக்காட்டுப் பக்கம் ஒடியன் கதை கேட்டிருப்பீர்கள். இரவில் காளையாக மாறி வழிமறிப்பான். உற்றுப் பார்த்தால் காலோ வாலோ ஏதோ ஒன்று குறைந்திருக்கும் என்பார்கள். அந்தக் குறைதான் கதையை நம்ப வைக்கிறது. எல்லாம் செய்ய முடிந்த மந்திரவாதியை வைத்து இரண்டு பக்கம்கூட ஓட்ட முடியாது.

3. பழைய ஒப்பந்தங்களைப் படியுங்கள். மேற்கே கடலுக்குப் போன பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பலாம் என்று ஒருவர் நினைத்ததே பெரிய கற்பனைதான். அதற்கான முல்லைப் பெரியாறு அணையைப் பொறியாளர் பென்னிகுயிக் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்ட, 1895ல் தண்ணீர் வைகைக்குப் போனது. அதற்காக ஆங்கிலேய அரசு 1886ல் திருவிதாங்கூரோடு போட்ட குத்தகை 999 வருடத்துக்கு. கூட்டிப் பாருங்கள், 2885. கையெழுத்துப் போட்ட இரண்டு அரசுகளும் இன்று இல்லை; குத்தகை இருக்கிறது. அது முடிகிற நாள் காலையில் தேக்கடி மதகுக்கு அருகே யார் நிற்பார்கள், என்ன மொழி பேசுவார்கள்? இதை இன்னும் யாராவது எழுத மாட்டார்களா என்று காத்திருக்கிறேன்.

4. இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். இந்த மலையில் எழுத வருகிற எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, அணை உடைந்தால் என்ன ஆகும் என்பதுதான். எனக்கும் தோன்றியது. இளம் வயதில் ஒரு கதை எழுதி, ஒரே இரவில் ஆற்றோரம் முழுவதையும் அடித்துக்கொண்டு போகவிட்டேன். பத்திரிகையில் வந்த வாரமே, சப்பாத்துப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா பஸ் ஏறி வந்துவிட்டார். கையில் பத்திரிகை நான்காக மடிந்திருந்தது. "எங்க வீடு எந்த வரியில போச்சு தம்பி?" என்று கேட்டார். அந்த ஊரே என் கதையில் அரை வரிதான். நான் பதில் சொல்லவில்லை.

கீழே சப்பாத்தில், உப்புத்தறையில் மழை வலுத்தால் தூக்கம் வராது. மலைக்கு அந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கில் அதே தண்ணீர்தான் நெல் வயலுக்குப் பாய்கிறது. அது குறைந்தால் அங்கே உலை கொதிக்காது. 2011 நவம்பரில், அணை உடைவதைக் காட்டிய 'டேம் 999' படத்தைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. அடுத்த மாதமே அணைத் தகராறில் குமுளியில் எல்லை அடைபட்டு, ஏலக்காட்டில் வேலை செய்த நம் சனம் மூட்டை முடிச்சோடு மலை இறங்கியது. தடை சரி என்று நான் சொல்லவில்லை. கற்பனையைத் தடுக்கக் கூடாது. ஆனால் எழுதுகிறவன் இரண்டு கரையிலும் ஒருமுறையாவது உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். சாவும் இந்த மலைக்குக் கற்பனை அல்ல: 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் நிலம் சரிந்து, லயங்களோடு 70 பேரை மண் மூடியது. சாவை அலங்காரமாக எழுதுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

5. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' படியுங்கள். பூமிக்கு இறங்கிய கடவுளைக் காப்பிக் கடைக்குக் கூட்டிப்போகிற துணிச்சல் அதில் இருக்கிறது. சுஜாதா படியுங்கள். பாலக்காட்டுத் தஸ்ராக்கிலிருந்து ஓ.வி. விஜயன் எழுப்பிய 'கசாக்கின் இதிகாசம்' யூமா வாசுகியின் தமிழில் கிடைக்கிறது.

6. நம் சனம் பேசுகிறபடி பேசவிடுங்கள். எதிர்காலத்துக்குப் போனவுடன் எல்லோரும் செய்தி வாசிப்பது போலப் பேச வேண்டியதில்லை. பாதி மலையாளம் கலந்து பேசுகிற ஆத்தா விண்கலத்திலும் அப்படித்தான் பேசுவாள்.

7. உங்கள் உலகத்தின் விதிகளைத் தனி நோட்டில் எழுதி வையுங்கள். இருபதாம் பக்கத்தில் நீங்களே அவற்றை மறந்துவிடுவீர்கள். முக்கியமாக, அங்கே காலத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்று எழுதுங்கள். இந்த மலையின் பழங்குடிகளான முதுவர்கள், பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் குறிஞ்சிப் பூப்பைக் கொண்டு வயதை எண்ணியதாகச் சொல்வார்கள். ஆறு பூ கண்டவர் என்றால் அறுபதைத் தாண்டியவர். அந்த ஒரு கணக்கிலேயே ஒரு நாவலுக்கான உலகம் இருக்கிறது.

8. தினமும் ஒரு பக்கம். மழையானாலும், கரண்டு போனாலும்.

இரவிகுளத்தில் குறிஞ்சி 2006ல் பூத்தது, 2018ல் பூத்தது. அடுத்தது 2030. அதற்குள் ஒரு நல்ல கதையை எழுதி முடித்து, முதலில் அணைக்குக் கீழே இருக்கும் ஒருவருக்கும் அணைத் தண்ணீரில் விதைக்கும் ஒருவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். பிறகு எனக்கு அனுப்புங்கள்.