சார்கோய்டோசிஸ் நோயும் இரத்த நொதிச் சோதனையும்

காசநோய் மிகுந்துள்ள இந்தியாவில் சார்கோய்டோசிஸ் நோய் பல வேளைகளில் காசநோயெனத் தவறாகக் கருதப்படுகிறது. இரண்டிலும் நுரையீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் கிரானுலோமா எனப்படும் சிறு திசுக்கட்டிகள் தோன்றுகின்றன. இருமல், காய்ச்சல், உடல் மெலிவு ஆகியனவும் இரண்டுக்கும் பொதுவானவை. சிகிச்சையோ முற்றிலும் வேறானது. காசநோய்க்குக் கிருமியை அழிக்கும் மருந்துகள் தேவை. சார்கோய்டோசிசுக்கு, அவசியமானபோது, ஸ்டீராய்டு அளிக்கப்படுகிறது. காசநோயாளிக்கு ஸ்டீராய்டை மட்டும் அளித்தால் நோய் முற்றும்.

இக்கட்டிகளிலுள்ள செல்கள் ஆஞ்சியோடென்சின் மாற்று நொதியை உண்டாக்குகின்றன. சார்கோய்டோசிசில் இரத்தத்தில் இந்நொதி மிகுவதை அமெரிக்க மருத்துவர் லீபர்மன் 1975-இல் வெளியிட்டார். எனினும் நோயாளிகள் பலரிடம் இதன் அளவு இயல்பாகவே இருக்கும். காசநோய், தொழுநோய் உள்ளோர் சிலரிடமும் உயரக்கூடும். மரபணு வேறுபாட்டாலும் அளவு மாறும். இரத்த அழுத்தத்துக்கான எனலாப்ரில் போன்ற மருந்துகள் அதனைத் தாழ்த்திக் காட்டும்.

ஆகவே, நோயைத் தீர்மானிக்க இச்சோதனை மட்டும் போதாது. சளிப் பரிசோதனையும் திசுப் பரிசோதனையும் இன்றியமையாதவை. தொடக்கத்தில் நொதி உயர்ந்திருந்தவர்களிடம் சிகிச்சையின் போக்கை அறிய இது துணைபுரியும். அப்போதும் மார்பு எக்ஸ்ரே, மூச்சுத்திறன் சோதனை ஆகியவற்றுடன் சேர்த்தே இதனை மதிப்பிடல் வேண்டும். செலவுள்ள ஒரு சோதனை, சிகிச்சை முடிவுக்கு உதவும் இடத்தில் மட்டுமே பயன்படுத்தப்படுவது நோயாளிக்கும் மருத்துவமனைக்கும் நன்மை தரும்.