ஜாஸ் சங்கீதமும் அர்ச். மார்ட்டினின் கீதமும்



ஜாஸ் என்ற பெயர் காதில் விழுந்தாலே நம் குடும்பங்களில் பெரியோர் முகம் சுளிப்பதுண்டு. மதுவும் புகையும் நடனமும் நிறைந்த இராக்கேளிக்கை விடுதியே அவர்கள் நினைவுக்கு வரும். அந்த நினைவு முழுத் தவறல்ல. அந்தச் சங்கீதம் பல ஆண்டுகள் அத்தகைய இடங்களில்தான் பிழைத்தது. ஆயினும் அவ்விடங்களிலிருந்தே ஓர் அம்மாள் எழுந்து நம் திருச்சபைக்கு வந்தார். வரும்போது தம் கலையை வாசலில் எறிந்துவிட்டு வரவேண்டுமா, கையோடு கொண்டுவரலாமா என்ற கேள்வி அவரை மூன்று ஆண்டுகள் வாட்டியது. அதையே இவ்வாரம் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

மேரி லூ வில்லியம்ஸ் 1910-ம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்து, பிட்ஸ்பர்க் நகரில் வளர்ந்தார். தாயின் மடியில் உட்கார்ந்து கேட்டுக்கேட்டே வாத்தியம் பழகியவர். சிறுமியாயிருக்கும்போதே பியானோ வாசித்துச் சம்பாதித்தார். 1930-களில் ஆண்டி கர்க் என்பவரின் வாத்தியக் குழுவுக்கு அவரே பியானோ வித்துவான்; குழு வாசிக்கவேண்டிய இசையை எழுதிக் கொடுத்தவரும் அவரே. பெண்ணுக்கு இது எதற்கு என்று கேட்ட காலம் அது!

ஜாஸ் என்பது அடிமைகளாய் விற்கப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் சந்ததியார் அமெரிக்க மண்ணில் உண்டாக்கிய சங்கீதம். அவர்களுடைய ஞானப்பாட்டுகளும், புளூஸ் என்னும் துயரப்பாட்டுகளும் அதற்குத் தாய்வீடு. எதிர்பாராத இடத்தில் தாள அழுத்தம் விழும். நம் கச்சேரி வித்துவான் கற்பனாசுரம் பாடுவதுபோல, வாசிப்பவர் அந்த நேரத்திலேயே புது இராகக்கோவையைப் புனைந்துகொண்டு போவார். இதில் பாவமென்று சொல்ல என்ன இருக்கிறது? பாவம் சூழ்நிலையில் இருந்தது. போதை மருந்து அநேக வித்துவான்களை விழுங்கியது. சார்லி பார்க்கர் என்ற பேர்பெற்ற கலைஞர் 1955-ல் இறந்தபோது அவருக்கு வயது 34.

1954-ம் ஆண்டு பாரீஸ் நகரத்து விடுதியொன்றில் வாசித்துக்கொண்டிருந்த மேரி லூ, திடீரென எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு நியூயார்க் திரும்பி, ஹார்லெம் பகுதியிலுள்ள லூர்து மாதா கோயிலில் மணிக்கணக்காய் ஜெபித்தார். 1957-ல் சேசு சபைக் குருவானவர் அந்தோனி உட்ஸ் அவர்களிடம் ஞானோபதேசம் கற்று, டிசி கில்லெஸ்பி என்ற இசைக்கலைஞரின் மனைவியோடு கூட ஞானஸ்நானம் பெற்றார். இனி வாத்தியத்தைத் தொடுவதில்லை என்றிருந்தவரை, அவருடைய கலையே சர்வேசுரனுக்கு ஒப்புக்கொடுக்கத்தக்க ஜெபம் என்று சொல்லித் திருப்பியவர்கள் குருக்களும் நண்பர்களுமே. அவ்வாண்டே நியூபோர்ட் இசைவிழாவில் மீண்டும் வாசித்தார். மறு வருஷம், போதைக்கு அடிமையான வித்துவான்களுக்கு உதவ ஒரு தர்ம ஸ்தாபனம் தொடங்கினார். பழைய துணிமணி விற்கும் கடை வைத்து அதற்குப் பணம் திரட்டினார். நோயுற்றவர்களைத் தம் சொந்த வீட்டிலேயே தங்கவைத்தார். மனந்திரும்பியவர் பழைய தோழரைக் கைவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

1962 மே 6-ம் நாள் பாப்பரசர் 23-ம் அருளப்பர், மார்ட்டின் தெ போரஸ் என்பவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளித்தார். பெரு தேசத்து லீமா நகரில் 1579-ல், ஸ்பானியத் தந்தைக்கும் விடுதலை பெற்ற கறுப்பினத் தாய்க்கும் பிறந்து, சாமிநாதர் சபை மடத்தில் துடைப்பம் பிடித்தும் நோயாளிகளைக் கழுவியும் பரிசுத்தரானவர் அவர். அவருக்காக உட்ஸ் சுவாமி வார்த்தைகள் எழுத, மேரி லூ இசையமைத்தார். அவ்வருஷம் நவம்பரில் நியூயார்க் சவேரியார் கோயிலில் அது பாடப்பட்டது. உரோமையில் வத்திக்கான் பொதுச்சங்கப் பிதாக்கள் திருவழிபாட்டைப்பற்றி விவாதித்ததும் அதே மாதத்தில்தான்!

1964-ல் இக்கீதத்தை முதலில் வைத்து இசைத்தட்டு வெளிவந்தது. "ஆண்டிஸ் மலையின் கறுப்புக் கிறிஸ்து" என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டுத் திடுக்கிடவேண்டாம். நல்ல கிறிஸ்தவன் இன்னொரு கிறிஸ்து என்று நாம் ஞானோபதேசத்தில் படித்ததுதான். கீதத்தில் பெரும்பகுதி வாத்தியமின்றிக் குரல்களால் மட்டும் நடக்கிறது. குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி எழும்பி, எதிர்பாராத சுரத்தில் இளைப்பாறும். நடுவே சிறிது நேரம் பியானோ தென்னமெரிக்கத் தாளத்தில் துள்ளிவிட்டு அடங்கிவிடும். அதே தட்டில், நற்கருணை வாங்கியபின் நாம் சொல்லும் "கிறிஸ்துவின் ஆத்துமமே" என்ற பழைய ஜெபத்துக்கும் ஜாஸ் மெட்டு உண்டு. கொலையுண்ட கென்னடிக்காக ஒரு துயர இசையும் இருக்கிறது. வெறும் கச்சேரி உருப்படிகளும் உண்டு. எனக்கு அவை இரண்டாம்பட்சம்.

அப்படியானால் இதைப் பூசையில் பாடலாமா? 1963-ல் வெளியான வழிபாட்டுச் சாசனம் கிரகோரியன் சங்கீதத்துக்கு முதலிடம் தருகிறது. வழிபாட்டின் உணர்வுக்கு ஒத்த மற்ற வகைகளையும் அது விலக்கவில்லை. 1967 மார்ச் மாதக் கட்டளையோ, உலகக் கேளிக்கைக்கு மட்டுமே உரியதென்று பொதுவாகக் கருதப்படும் வாத்தியங்களைப் பூசையில் தடுக்கிறது. அதே 1967-ல் மேரி லூ பிட்ஸ்பர்கில் ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் கற்பித்து, தம் முதல் திருப்பலி இசையை எழுதினார். 1975 பிப்ரவரியில் நியூயார்க் அர்ச். பத்திரீசியார் பேராலயத்திலேயே அவருடைய இன்னொரு திருப்பலி இசை பூசையில் பாடப்பட்டது. ஆகவே திருச்சபை கேட்பது, எந்த ஊர்ச் சங்கீதம் என்பதல்ல. ஜனங்கள் ஜெபிக்கிறார்களா, வேடிக்கை பார்க்கிறார்களா என்பதே. ஜாஸ் மக்களின் சொந்தப் பாஷையாயிருந்த ஹார்லெமில் அது ஜெபமாகும். அதைக் காதால் கேட்டறியாத இடத்தில் அதே இசை வேடிக்கையாய்ப் போகக்கூடும்.

1981-ல் அவர் இறந்தார். அர்ச். மார்ட்டினின் திருநாள் நவம்பர் 3. அன்று பூசைக்குப்பின் அக்கீதத்தைப் பாடலாமென்று நம் பாடகர் குழுவில் யாரேனும் விரும்பினால் எனக்குத் தடையில்லை. ஆனால் பல குரல் பிரிவுகள் வேண்டும். இப்போது ஒத்திகைக்கு வருகிறவர்களை வைத்து இரண்டுகூடத் தேறாது.