பிறர் போத்தலைச் சுமக்கலாமா?



நம் பாட்டனார்கள் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது பிழைப்புக்காக. இன்று நாம் குடும்பத்தோடும் வியாபார நண்பர்களோடும் உல்லாசக் கப்பல் ஏறுகிறோம். போவதில் குற்றமில்லை. ஆனால் குடிக்காதவரையும் தேடி வரும் சோதனை ஒன்று அங்கே உண்டு. இம்மாதப் பாடம் அதைப் பற்றியது.

முதலில் கப்பலின் விதியை அறிவோம். மது விற்பனை கப்பல் கம்பெனிக்குப் பெரிய வருமானம். ஆகவே வெளிச்சரக்கை இஷ்டம்போல் உள்ளே விடாது. சாப்பாட்டுக்கடை வைத்திருப்போருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராயல் கரீபியன் விதிப்படி, வயது வந்த பிரயாணி கப்பல் ஏறும் நாளில் 750 மில்லி ஒயின் போத்தல் ஒன்று கொண்டுவரலாம். விஸ்கி, பிராந்தி, பீர் கூடாது. வழியில் துறைமுகத்தில் வாங்கியதைக் கம்பெனி வாங்கி வைத்து, கடைசி நாளில்தான் தரும்.

"ஆளுக்கு ஒன்று" என்ற இவ்விதியில்தான் சோதனை பிறக்கிறது. நமக்கே நேர்ந்ததைச் சொல்கிறோம். நம்மிடம் மொத்தமாகச் சரக்கு எடுக்கும் வாடிக்கைக்காரர் ஒருவர். பிற மதத்தவர், நல்ல மனிதர். கப்பல் ஏற வரிசையில் நின்றபோது, "பாய், நீங்கள்தான் குடிப்பதில்லையே! உங்கள் கணக்கில் இந்த ஒன்றைப் பையில் வையுங்கள்" என்றார். ஆர்டர் போய்விடுமோ என்று அஞ்சி வாங்கி வைத்துவிட்டோம். பக்கத்தில் நின்ற மகன், "அத்தா, இது யாருக்கு?" என்று மட்டும் கேட்டான். நமக்குப் பதில் வரவில்லை. பையைச் சோதிக்கும் இடம் வருமுன் எடுத்துத் திருப்பிக் கொடுத்தோம்.

இதில் மார்க்கம் கூறுவது என்ன? மதுவை விட்டு விலகுமாறு ஸூரத்துல் மாயிதாவின் 90ஆம் வசனம் கட்டளையிடுகிறது. குடிக்காதே என்பதோடு நிற்கவில்லை, விலகு என்கிறது. அனஸ் (ரலி) அறிவிப்பதாகத் திர்மிதியில் வரும் நபிமொழியில், மதுவின் பொருட்டுச் சபிக்கப்பட்டோர் பத்துப் பேர். குடிப்பவர் அவர்களில் ஒருவரே. விற்பவரும், வாங்குபவரும், அதன் கிரயத்தை உண்பவரும், சுமப்பவரும் அந்தப் பத்தில் அடக்கம்.

அடுத்து, வாக்கு நாணயம். கப்பல் டிக்கெட் ஓர் ஒப்பந்தம். தண்ணீர்ப் போத்தலில் சாராயம் ஊற்றிக் கொண்டுபோக ஒருவர் உதவி கேட்டால், அது மதுவும் மோசடியும் சேர்ந்த இரட்டைப் பாவம். சிங்கப்பூர் திரும்பும்போதும் கவனம் வேண்டும். 2019 முதல் வரியில்லாச் சலுகை 2 லிட்டர். 48 மணி நேரமாவது வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும். மலேசியாவிலிருந்து வருபவருக்குச் சலுகை இல்லை. முக்கியமாக, அது சொந்த உபயோகத்துக்கே. குடிக்காத நாம் நண்பருக்காக அச்சலுகையைக் கேட்டால், சுங்க அதிகாரியிடம் பொய் சொல்கிறோம்.

மறுப்பதிலும் மரியாதை வேண்டும். அவர் குடிப்பதைப் பற்றிப் பேச வேண்டாம். "மன்னிக்க வேண்டும், எங்கள் மார்க்கத்தில் சுமப்பதும் கூடாது, வேறு உதவி சொல்லுங்கள்" என்றால் போதும். பயணத்துக்கு முன்பே சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

மறு மாதம் அந்த வாடிக்கைக்காரரிடமிருந்து ஆர்டர் வரவில்லை. அதற்கடுத்த மாதம் பாதி வந்தது. நட்டம் நட்டம்தான், மறைக்கவில்லை. ஆனால் மகன் கேட்ட கேள்விக்கு இன்று நம்மிடம் பதில் இருக்கிறது.

அல்லாஹ் நம் கைகளையும் கல்லாவையும் ஹராமை விட்டும் காப்பானாக. ஆமீன்.