சோபா செட்டும் சுண்ணாம்பும்

சென்ற ஐப்பசியில், தாம்பரத்துக்கு அருகே வாடகை வீடொன்றில் புதுக் குடித்தனம் வைத்திருக்கும் என் அண்ணன் மகனைப் பார்க்கப் போயிருந்தேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி கூடம். மூன்று பேர் அமரும் சோபா ஒன்றும், ஒருவர் அமரும் சோபா இரண்டும், அவற்றுக்கு நடுவே கண்ணாடி பதித்த டீப்பாய் ஒன்றும் சேர்ந்து அந்தக் கூடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. வாசற்கதவு முழுதும் திறக்க இடமின்றிச் சோபாவின் கையில் இடித்து நின்றது. ஜன்னலின் கீழ்ப்பாதி மறைந்துபோனதால் பகல் பதினோரு மணிக்கே விளக்கு எரிந்தது. உலர்ந்த துணிகள் சோபாவில் குவிந்திருக்க, நாங்கள் மூவரும் காப்பி குடித்தது சமையலறை வாசலில் பாயை விரித்துத்தான். அந்தச் சாமான்கள் பெண்வீட்டுச் சீர் என்பதும், பணி ஓய்வு பெற்ற சம்பந்தி அவற்றைத் தவணைக்கு வாங்கி அனுப்பினார் என்பதும் பேச்சுவாக்கில் தெரியவந்தன. "செட்டு இல்லாவிட்டால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள், சித்தப்பா?" என்று அவன் கேட்டபோது, அந்தக் கேள்விக்குப் பின்னால் எத்தனை நம்பிக்கைகள் வரிசையாக நிற்கின்றன என்பதை நினைத்து எனக்கு மனம் கனத்தது.

அந்த வரிசையில் முதலாவது, குடிபுகும் நாளன்றே வீடு நிறைந்திருக்க வேண்டும் என்பது. கிரகப்பிரவேசத்தன்று நிறைகுடமும் உப்பும் மஞ்சளும் கொண்டுபோவதுதான் நம் சம்பிரதாயமே தவிர, நாற்காலி மேஜைகளை நிறைப்பது எந்தச் சம்பிரதாயத்திலும் இல்லை. காலை வெயில் எந்த மூலையில் விழுகிறது, மழைச் சாரல் எந்த ஜன்னல் வழியாக அடிக்கிறது, வீட்டில் உள்ளவர்கள் தம்மை அறியாமலே எந்த இடத்தில் போய் உட்காருகிறார்கள் என்பதெல்லாம் இரண்டு மூன்று மாதம் குடியிருந்து பார்த்தாலொழிய ஒருவருக்கும் தெரியாது. சாமான் வாங்கத்தான் வேண்டுமென்றால், கடையில் கேட்ட நீள அகலத்துக்குப் பழைய செய்தித்தாள்களைத் தரையில் விரித்து, ஒரு நாள் முழுவதும் அவற்றை மிதிக்காமல் நடமாடிப் பாருங்கள் என்பேன். சாதாரணமாக மூன்று பேர் அமரும் சோபா ஒன்று ஆறரை அடி நீளமும் மூன்றடி அகலமும் இருக்கும். அத்தனை தாளையும் அந்தப் பத்தடிக் கூடத்தில் விரித்துப் பார்த்திருந்தால், சம்பந்தியின் பணம் அவரிடமே இருந்திருக்கும்.

அடுத்தது, 'தேக்கு என்றால் கரையான் தொடாது. பிளைவுட் என்றால் மட்டம்' என்னும் நம்பிக்கை. இதன் முற்பாதியில் ஓரளவு வாஸ்தவம் உண்டு. ஆனால் எந்தத் தேக்கு என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் போய்விட்டது. எங்கள் ஊர் ஆசாரி ஒருவர், மரவாடியிலிருந்து வந்த பலகையை வெயிலில் சாய்த்து, அதன் ஓரமாக ஓடிய இரண்டு விரற்கடை அகலமுள்ள வெளிறிய பட்டையை நகத்தால் கீறிக் காட்டினார். "இது வெள்ளை, ஐயா, வைரம் இல்லை. தேக்குத்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கரையானுக்கு இது அவல்" என்றார். தேக்கின் நடுவிலுள்ள வைரக்கட்டையில் ஊறிய எண்ணெயும் சாரமுமே பூச்சிகளை விலக்குகின்றன. சுற்றியுள்ள வெள்ளைக்கட்டையில் அவை இல்லை. வயது முதிராமல் வெட்டப்பட்ட தோட்டத் தேக்கில் வைரம் குறைவு, வெள்ளை மிகுதி. அதன்மேல் கருஞ்சாயமும் வார்னிஷும் ஏறிவிட்டால் வாங்குகிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆகையால் சாயம் ஏறாத பலகையைக் கேட்டு வாங்கிப் பார்க்க இயலாத இடத்தில் தேக்குக்குரிய விலையைக் கொடுப்பது வீண். வைரம் பாய்ந்த வேம்பும் பூவரசும் பலாவும் நம் ஊர்ப்புறத்து ஆசாரிகளின் கை தலைமுறைகளாகப் பழகிய மரங்கள்; தேக்கைவிட விலை குறைந்தவை.

பிற்பாதி வெறும் பிரமை. மரத்தை மெல்லிய தகடுகளாகச் சீவி, ஒன்றன் இழை மற்றொன்றின் இழைக்குக் குறுக்கே வருமாறு அடுக்கி, பசையிட்டு அழுத்திச் செய்வது பிளைவுட். அந்தக் குறுக்கடுக்கினாலேயே அது பருவத்துக்குப் பருவம் வீங்குவதும் வெடிப்பதும் முழுப்பலகையைவிடக் குறைவு. பலகையின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 303 என்றிருந்தால் பொது உபயோகத்துக்கு உரியது, ஐ.எஸ். 710 என்றிருந்தால் நீரைத் தாங்கும் மரைன் வகை. சமையலறைத் தொட்டியின் கீழே பின்னதும், படுக்கையறை அலமாரிக்கு முன்னதும் போதும். வீடு முழுவதற்கும் மரைன் கேட்பது அநாவசியச் செலவு. பிளைவுட்டுக்கு வந்த கெட்ட பெயர் உண்மையில் அதன் ஜாடையில் விற்கப்படும் துகள் பலகையால் வந்தது. மரச் சில்லுகளைப் பசையோடு கலந்து அழுத்தி, மேலே மரவரி அச்சிட்ட தாளை ஒட்டியது அது. ஈரம் பட்டால் உப்பும். ஒரு முறை கழற்றிய திருகாணி அதே துவாரத்தில் மறுபடி பிடிக்காது. வருஷத்துக்கு வருஷம் வீடு மாற்ற நேரும் வாடகைக் குடும்பத்துக்கு அதைப்போல் நஷ்டம் தரும் சாமான் வேறில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இரும்பு பீரோவை. கோத்ரெஜ் நிறுவனம் 1923-ல் செய்ய ஆரம்பித்த அந்த வகை பீரோ, எத்தனை வீடு மாறினாலும் குலையாது. பழையதாக வாங்கி, ஊரிலுள்ள பீரோப் பட்டறையில் ஒடுக்கெடுத்துப் பெயின்ட் அடித்துக்கொண்டால் புதியதற்கும் அதற்கும் உழைப்பில் வேற்றுமை தெரியாது.

பழையது என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. பிறர் புழங்கிய கட்டில் ஆகாது, யார் படுத்து எழுந்ததோ என்ற அச்சம் நம் பெண்மணிகளிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போய்ப் பார்த்தால் அந்த அச்சம் எவ்வளவு அஸ்திவாரமற்றது என்பது பிரத்தியட்சமாகும். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வெளியேறிய தூண்களும் பெட்டகங்களும் நாற்காலிகளும் அங்கே கடைகடையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. வசதி படைத்தவர்கள் தேடிவந்து விலை பேசி எடுத்துப்போகிறார்கள். செல்வர் வாங்கினால் கலைப்பொருளாகவும் எளியவர் வாங்கினால் அபசகுனமாகவும் ஒரே நாற்காலி மாற முடியாது. ஆனால் அந்தத் தெருவின் விலை எளியவர்க்கு எட்டாது. அவரவர் ஊர்ப் பழஞ்சாமான் கடையில் பிரம்பு பிய்ந்த நாற்காலியை வாங்கிப் புதுப் பிரம்பு பின்னிக்கொள்வதே அவர்களுக்கு உகந்தது.

'சிறிய அறைக்கு வெளிர்நிறம் அடித்தால் பெரிதாகத் தோன்றும்' என்பது பாதி உண்மை. வெண்சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பித் தருகிறது. விழுவதற்கு ஒளியே இல்லாவிட்டால் எதைத் திருப்பித் தரும்? ஜன்னலை அடைத்து நிற்கும் சாமானை நகர்த்துவதே முதல் அலங்காரம். அதற்குக் காசு வேண்டாம். சுவருக்கு என்ன பூசுவது என்பதில்தான் நம்மவர்கள் சுண்ணாம்பை ஏழைப் பூச்சு என்று ஒதுக்கிவிட்டார்கள். நீற்றிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று, சுவரிலேயே மறுபடி கல்லாக இறுகுகிறது. அதன் காரத்தன்மையால் பூஞ்சை எளிதில் படர்வதில்லை. சுவரின் ஈரம் அதனூடே வெளியேறுகிறது. ஈரச் சுவரின்மேல் விலையுயர்ந்த பெயின்டைப் பூசுகிறவர்கள் ஒரு மழைக்காலத்துக்குள் அது கொப்புளமாகி உரிவதைக் காண்கிறார்கள். 'சுண்ணாம்பு சட்டையில் ஒட்டும்' என்பது மெய்யே. கெட்டியாக ஒரே பூச்சாகப் பூசினால் ஒட்டத்தான் செய்யும். சுவரை நனைத்து, பாலைப்போல் நீர்க்கக் கரைத்து, கொஞ்சம் கோந்து சேர்த்து, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக இரண்டு மூன்று பூச்சுப் பூசினால் பிடிப்பு மிகும். ஒரு சிட்டிகை நீலம் கலந்தால் கண்ணுக்கு இதமான வெண்மை வரும். எண்ணெய்ப் பெயின்ட் ஏற்கெனவே ஏறிய சுவரில் மட்டும் இது நிற்காது.

விளக்கு விஷயத்திலும் வெள்ளை ஒளிதான் பிரகாசம், மஞ்சள் ஒளி மங்கல் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அன்று அறுபது வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை இன்று ஒன்பது வாட் எல்.இ.டி. தருகிறது. அதே ஒன்பது வாட்டில், அட்டைப்பெட்டியின்மேல் 3,000 கெல்வின் என்று அச்சிட்டிருந்தால் பொன்னிறமாகவும், 6,500 கெல்வின் என்றிருந்தால் வெண்ணீலமாகவும் ஒளிரும். வெளிச்சத்தின் அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. விலையிலும் பெரிய பேதமில்லை. படிக்கும் மேஜைக்கு வெள்ளையும், மாலையில் அமர்ந்து பேசும் இடத்துக்குப் பொன்னிறமும் போட்டால், ஒரே கூடம் இரவில் வேறு வீடாகிவிடும்.

காற்றைச் சுத்திகரிக்கும் செடிகள் என்று சொல்லி விற்கப்படுவனவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1989-ல் நாசா நடத்திய சோதனை, மூடிய சிறு பேழைக்குள் நடந்தது. காற்றோட்டமுள்ள வீட்டில் நாலைந்து தொட்டிகளால் அந்தப் பலன் கிட்டாது. கண்ணுக்குக் குளிர்ச்சி வேண்டுமென்று வைப்பவர்கள் தொட்டியில் ஒரு துளசியையோ பாட்டிலில் ஒரு மணிபிளான்டையோ வைத்தால் போதும்.

துணியைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. திரைச்சீலைக்கென்று ஆயிரக்கணக்கில் செலவிடுவோர் வீட்டில், உடுத்தி நைந்த பருத்திச் சேலைகள் பெட்டிக்குள் மடிந்து கிடக்கின்றன. பதினெட்டடிச் சேலையை நாலரையடி வீதம் வெட்டினால் நான்கு துண்டுகள். நாலடி ஜன்னலுக்கு இரண்டு துண்டு. ஒரு சேலையில் இரண்டு ஜன்னல்கள் நிறைந்துவிடும். பலமுறை துவைத்த சேலை சுருங்கவேண்டிய அளவு சுருங்கியாயிற்று. கடைத்துணியை நனைத்து உலர்த்தாமல் தைத்தவர்களுக்கு ஏறிப்போன திரையால் வரும் வருத்தம் இதில் வராது. புதிதாகவே வேண்டுவோருக்குக் கரூரில் ஏற்றுமதிக்கு நெய்து மிஞ்சிய துணிகளும், சென்னிமலைப் போர்வைகளும், பவானி ஜமக்காளமும் இருக்கின்றன. 1935-ல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் பண்டிகைத் தள்ளுபடிக் காலம் பார்த்து வாங்கலாம்.

பாய் வறுமையின் சின்னம் என்று எண்ணுவோரைப் பத்தமடைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். தாமிரபரணிக் கரையோரத்துக் கோரையை அறுத்து, உலர்த்தி, ஆற்றுநீரில் பல நாள் ஊறவைத்து, நூலிழை போலக் கிழித்து, அங்குள்ள பெண்கள் பருத்திப் பாவில் கோத்து நெய்கிறார்கள். இழை நுணுகநுணுக, பட்டைப்போல் வழுவழுப்பான பாய் பிறக்கிறது. நம் வெப்பத்துக்கு, வியர்வையை ஏற்று முதுகுக்குக் குளிர்ச்சி தரும் கோரை எங்கே, தொடையோடு ஒட்டிக்கொள்ளும் ரெக்சின் எங்கே! போலித்தோலின் மேற்பூச்சு, சில வருஷங்களில் காற்றின் ஈரத்தினாலேயே சிதைந்து செதில்செதிலாக உதிர்வதைப் பலர் கண்டிருப்பார்கள். சொந்த வீடு கட்டுவோருக்கு மற்றொன்று: இருக்கை என்பது வாங்க வேண்டிய பொருளென்பதுகூட மாற்றிக்கொள்ளத்தக்க அபிப்பிராயந்தான். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த லாரி பேக்கர், திருவனந்தபுரம் தம்பானூரில் கட்டிய இந்தியன் காபி ஹவுஸில், சுற்றி மேலேறும் சுவரை ஒட்டி மேஜையையும் ஆசனத்தையும் கட்டடத்தோடு கட்டடமாகவே கட்டிவிட்டார். நம் திண்ணையும் அந்த ஜாதிதான். ஜன்னலடியில் ஒன்றரை அடி உயரத் திண்ணை ஒன்று கட்டி, இலவம்பஞ்சு மெத்தையும் ஜமக்காளமும் விரித்தால் அது சோபாவின் வேலையைச் செய்யும். உள்ளே பெட்டிகள் வைக்கவும் இடம் விடலாம்.

கடைசியாக, 'வட்டியில்லாத் தவணை'. சம்பந்தி வாங்கிய சோபாவையே எடுத்துக்கொள்கிறேன். மாதம் 2,500 ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதம், மொத்தம் 30,000. ரொக்கமாகக் கொடுத்தால் 27,600-க்குத் தருவதாகக் கடைக்காரர் முதலில் சொன்னாராம். அந்த 2,400 ரூபாய்தான் வட்டி. கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்கிட்டால், அது ஆண்டுக்குப் பதினைந்து விழுக்காட்டுக்கும் மேலாகிறது. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்பதையும், கடன் அட்டைத் தவணைகளில் அந்த வட்டி பரிசீலனைக் கட்டணமென்ற பெயரில் மறைந்து வருவதையும், 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு எழுதிய சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியது.

தையில் மறுபடி தாம்பரம் போனேன். ஒற்றைச் சோபா இரண்டையும் விற்கப் பார்த்து, பாதி விலைக்கும் எடுப்பாரில்லாமல், கடைசியில் கிடைத்த விலைக்குத் தள்ளியிருந்தார்கள். ஜன்னலடியில் பாய் விரிந்திருந்தது. பகலில் விளக்கு எரியவில்லை. தவணை மட்டும் இன்னும் ஒன்பது மாதம் பாக்கி. அதைச் சம்பந்தி தம் ஓய்வூதியத்திலிருந்து கட்டிவருகிறார். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-ல். சட்டம் தொடாத இடத்தில், கேளாமலே பெண்வீட்டார் கடன்பட்டு அனுப்பும் இந்தச் சாமான்களைத் தடுக்கும் அதிகாரம் மாப்பிள்ளை வீட்டாரிடம் மட்டுமே இருக்கிறது. எங்கள் வீட்டில் நாங்கள் அதைச் செய்யத் தவறினோம். மகனுக்குப் பெண் பார்க்கும் பெற்றோர்களே, நிச்சயதார்த்தத்தன்றே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: கட்டிலும் சோபாவும் வேண்டாம், பிள்ளைகள் குடிபோய் இருந்து பார்த்துத் தாமே வாங்கிக்கொள்வார்கள் என்று.