ஆங்கிலம் படிப்போம்: கடைசி நாளை எப்படிச் சொல்வது?

"31ஆம் திகதி தானேன்னு வந்தோம், ஐயா" என்று ஒரு தாய், மகனின் விண்ணப்பத்தோடு எங்களிடம் வந்தார். பாரத்தில் 'பிபோர் 31' என்றிருந்தது. அப்படியென்றால் கடைசி நாள் 30. 'ஒன் ஓர் பிபோர் 31' என்றிருந்தால்தான் 31ஆம் திகதியும் சேரும். ஒரு சொல்லால் பிள்ளையின் வாய்ப்புப் போய்விட்டது.

இன்னும் இரண்டு சொற்களைப் பார்ப்போம்.

பை: நம்ம 'க்குள்'. ஒரு தடவையில் முடியும் காரியத்துக்கு. "ஐ வில் பே பை ஃபிரைடே": வெள்ளிக்குள் கட்டிவிடுவேன். வெள்ளியன்று கட்டினாலும் சரி.

அன்டில்: நம்ம 'வரை'. அதுவரை தொடர்ந்து நடப்பதற்கு. "ஐ வில் ஸ்டே அன்டில் ஃபிரைடே": வெள்ளி வரை தங்குவேன்.

லீவுக் கடிதத்தில் "அன்டில் ஃபிரைடே" என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீங்க. வெள்ளியும் லீவா, அன்றைக்கு வேலையா என்று கந்தோரில் குழம்புவார்கள். பெரட்டில் பேர் விழாமல் போனால் நட்டம் நமக்குத்தான். "ஐ வில் கம் டு வேர்க் ஒன் சாட்டர்டே" என்று, வேலைக்கு வரும் நாளையும் சேர்த்து எழுதுங்கள்.

பயிற்சி: "புதன்கிழமைக்குள் தருவேன்." இதற்குப் பையா, அன்டிலா? பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.