காமன் கூத்தும் நீதி விசாரணையும்

சிவபெருமான் காமனை எரித்த வரலாற்றைச் சைவநெறி வகுப்பிற் கற்பிக்கும் ஆசிரியன்மார் பலர், அதனை அட்டவீரச் செயல்களுள் ஒன்றென்று கூறி, திருக்குறுக்கை என்னுந் தலத்தின் பெயரைச் சொல்லி, புலனடக்கத்தின் பெருமையை ஓரிரு வாக்கியத்தால் விளக்கி அப்பாற் செல்வர். அது பிழையன்று. ஆயினும், பெரகலச் சந்தியைச் சூழ்ந்து அப்புத்தளை, ஹல்துமுல்லை, கொஸ்லாந்தை என்னும் ஊர்ப்பக்கத்துச் சரிவுகளிலுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து நம்மிடம் வரும் மாணாக்கன், இவ்வரலாற்றை நூலிற் படிக்குமுன்னரே மாசி மாதத்து இரவுகளிற் கூத்தாகக் காணும் வாய்ப்புடையவன். அவன் பொட்டலிற் காண்பது நாம் வகுப்பிற் சொல்லும் கதையன்று. அது ஒரு வழக்கு. அதன்கண் குற்றமும் தண்டமும் உண்டு. தண்டத்தின்மேல் முறையீடும் உண்டு. முறையிடுபவள் ஒரு பெண்.

காமன் கூத்தினைப் பாராத ஆசிரியர்க்காக அதன் நடையைச் சுருங்கக் கூறுவேன். தோட்டந்தோறும் முறை சிறிது வேறுபடுமெனினும், மாசி அமாவாசை கழிந்து பிறை காணும் நாளையொட்டிக் காமன் பொட்டலிலே கம்பம் நடுதலே தொடக்கம். கூத்தில் வேடந் தாங்குவோர் காப்புக் கட்டி விரதங் காப்பர். தப்பின் ஒலி நாடோறும் எழும். மன்மதனுக்கும் ரதிக்கும் மணவினை நிகழ்த்துவர். தூதன் ஓலை கொணர்தலும், கணவன் போகப் புறப்படுதலும், மனைவி தடுத்தலும், இருவரும் தர்க்கித்தலும் பாட்டும் வசனமுமாக நடைபெறும். பூரணையளவில் தவங் கலைத்தலும் தகனமும், அதன்பின் ரதியின் புலம்பல், பின்னர் உயிர்மீட்பு. ரதி வேடத்தை ஆடவரே புனைதல் பழைய வழக்கம். மேடையில்லை, திரையில்லை, நுழைவுச் சீட்டில்லை. லயத்து மக்கள் வட்டமாக நின்று பார்ப்பர். பார்ப்போரே நேர்த்திக்கடன் செலுத்துவோருமாவர்.

இனி வழக்கினைப் பார்ப்போம். கச்சியப்பசிவாசாரியர் அருளிய கந்தபுராணத்திற் கண்டபடி, சூரபன்மனால் துன்புற்ற தேவர்கள், யோகத்திருந்த இறைவனுக்கும் இமவான் மகளாகத் தவமிருந்த உமைக்கும் திருமணங் கூடிக் குமாரன் தோன்றினாலன்றித் தமக்கு உய்வில்லையென்று கருதினர். யோகத்தைக் கலைக்கக் காமனை ஏவினர். காமன் உடனே இசைந்தானல்லன். சிவனிடஞ் சென்றார் பிழையாரென்று மறுத்தான். மறுத்தால் சாபமிடுவேன் என்று பிரமன் அச்சுறுத்தினான். அதன்பின், பிரமன் சாபத்திற் கெடுதலினும் சிவன் கையிற் படுதல் மேலென்று துணிந்தே அவன் சென்றான். சென்றான், எய்தான், எரிந்தான்.

ஏவியவர் யாவரும் நலமே இருந்தனர். ஏவலைச் செய்தவன் ஒருவனே சாம்பரானான். நூலில் இதனைப் படிப்போர் முருகன் அவதாரத்தை நோக்கி விரைதலால் இவ்விடத்தில் நில்லார். கூத்தோ இவ்விடத்திலேயே இரவு முழுதும் நிற்கின்றது. ஓலை வருதல், ரதி தீக்கனாக் கண்டு தடுத்தல், “நீ போகாதே” என்றும் “போகாதிருக்க இயலாது” என்றும் மாறிமாறி வாதித்தல் ஆகிய இவையே கூத்தின் நடுப்பகுதி. போர்க்காட்சியிலும் இத்தர்க்கத்திற்கே மக்கள் செவி சாய்ப்பர்.

அதற்குக் காரணம் தேடித் தொலைதூரம் போகவேண்டுவதில்லை. துரையின் கட்டளை பெரிய கங்காணிக்கும், அவனிடமிருந்து சில்லறைக் கங்காணிக்கும், அவனிடமிருந்து மலைக்கொழுந்து கிள்ளும் கைக்கும் இறங்கிவந்த தோட்டத்திலே, ஏவப்பட்டவன் நிலை இன்னதென்று யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1865 ஆம் ஆண்டின் எசமான் வேலையாள் கட்டளைச் சட்டம், முன்னறிவிப்பின்றி வேலையை விட்டு நீங்குதலைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. கூலி கொடாத எசமானனோடு தொழிலாளிக்கு எழும் பிணக்கு வழக்காகும். தொழிலாளி வேலையை விடுதல் குற்றமாகும். தொழிலாளர் கடனைக் குறித்துக் கங்காணிக்குக் கொடுபட்ட “துண்டு” என்னுஞ் சீட்டோ, ஒரு தோட்டத்தின் கடனை அடுத்த தோட்டத்திற்குந் தொடரச் செய்தது. துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. அக்காலத்து நியாயதலத்தில் அம்மக்கள் பேச்சு எடுபட்டது அரிது. பொட்டலில் மட்டும், “ஏவினவனை விட்டு ஏவப்பட்டவனைத் தண்டித்தல் முறையா?” என்று ஆண்டுக்கு ஒருமுறை உரத்துக் கேட்க இயன்றது. அதுவும் கைலாயபதியின் முன்னிலையிலேயே கேட்க இயன்றது. துரைக்கு இது விளங்கியிருந்தால் விடுமுறை கொடுத்திருப்பானோ என்பது ஐயமே.

ரதியின் புலம்பல் ஒப்பாரி மாத்திரமன்று. ஒப்பாரி இழந்ததைச் சொல்லும். முறையீடு இழப்பித்தவரைக் கேட்கும். ரதி இரண்டுஞ் செய்கின்றாள். இங்கே சைவ ஆசிரியர்க்கு ஒரு தடை தோன்றும்: இறைவன் செயலில் நீதி உண்டோ என்று வினவுதல் அபசாரமாகாதோ என்பது. சிவஞானசித்தியாருடைய கொள்கை நமக்குத் தெரியும். இறைவன் தண்டஞ் செய்வதும் கருணையே. தாய் தந்தையர் பிள்ளையை அடித்துத் திருத்துவதுபோல் அது மறக்கருணை எனப்படும். இது சித்தாந்தம், இதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இதனை எப்பொழுது சொல்வது என்பதே கேள்வி. ரதி வாய் திறக்குமுன் சொன்னால் அது விடையாகாது, வாய்ப்பூட்டாகும். யான் பயின்ற மிசன் பாடசாலையில் யோபு என்பவனுடைய சரித்திரத்தைப் பாடமாகப் படித்தோம். குற்றமின்றித் துயருற்ற அவனை நோக்கி, நண்பர் மூவர் ஆயத்தமான சமாதானங்கள் பல சொல்வர். அவனோ கடவுளிடமே வாதிடுவான். முடிவிற் கடவுள் கடிந்துகொண்டது சமாதானஞ் சொன்ன நண்பரையே. யோபே தம்மைக் குறித்துச் செவ்விதாய்ப் பேசினான் என்றார். அந்நூல் நம்முடையதன்று, ஆயினும் ஆசிரியத் தொழிலுக்கு அதிலொரு பாடம் உண்டென்று அன்றே எண்ணினேன். நமக்கும் குறைவில்லை. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் ஓலையுங் கையுமாய் வந்து வழக்காடிய கிழவேதியர் யார் என்பதை நாம் மாணாக்கர்க்குச் சொல்லியே வருகின்றோம். வழக்கு மன்றத்தில் வாதியாக நிற்க நாணாத பெருமானை, ரதியின் வினாவைக் கேட்கவொண்ணாதவராக நாம் ஆக்கிவைப்பது தகாது.

மேனாட்டிலும் நாடகத்தின்வழி நீதியை ஆராய்ந்ததற்கு மிகப் பழைய சான்று உண்டு. கி.மு. 458 இல் ஏதென்சு நகரில் எசுக்கிலசு என்னும் புலவர் அரங்கேற்றிய முந்நாடகத் தொகுதியில், அப்பொலோ தெய்வத்தின் ஏவலால் தாயைக் கொன்ற ஒரெச்தசு என்பவனைப் பழிவாங்குந் தேவதைகள் துரத்துகின்றன. இறுதி நாடகத்தில் நகரத்தார் நடுவர்களாக அமர்கின்றனர். அங்கே அப்பொலோ தானே எழுந்து, இக்கொலைக்கு ஏவியவன் யானே, பொறுப்பு என்னுடையது என்று சாட்சி கூறுகின்றான். நடுவர் வாக்குகள் இருபாலும் சமமாக, அதீனா தெய்வத்தின் தீர்ப்பால் அவன் விடுதலை பெறுகின்றான். பழிக்குப் பழி என்னும் பழைய நீதியினிடத்தே மன்றம் கூடி விசாரிக்கும் நீதியை நாடகம் நிறுவிக் காட்டியது. நம் கூத்திற் பிரமன் அவ்வாறு எழுந்து நிற்பதில்லை. அவ்வெற்றிடத்தைப் பார்ப்போர் உணர்கின்றனர்; அதனாலேயே ரதியின் குரல் தனித்து ஒலிக்கின்றது.

தஞ்சைப் பக்கத்தில் காமன் பண்டிகையையொட்டிப் பாடப்பெறும் லாவணியில், காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மறு கட்சியும் விடியவிடிய வாதிடும். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்னும் வழக்கு அதனால் வந்தது. புராணந் தீர்த்துவிட்ட ஒன்றைத் தீராத வினாவாக வைத்துக்கொள்ளும் இவ்வியல்பு, கற்பிப்போர் கைக்கொள்ளத்தக்கது.

கூத்தினைப் புகழும்போது அதன்கண் உள்ள குறையையும் சொல்லவேண்டும். தப்பு முழங்கினாலன்றிக் காமன் கூத்து இல்லை. ஆனால் தப்படிப்போரைச் சாதி பற்றி விலக்கிவைத்த வழக்கம் தோட்டங்களிலும் இருந்தது. நீதி கேட்குங் கூத்தின் விளிம்பிலேயே நீதி மறுக்கப்பட்டவன் நின்று தப்படித்தான். யாழ்ப்பாணத்தில் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. அதனை அடுத்து எழுந்தது என். கே. இரகுநாதன் எழுதிய ‘கந்தன் கருணை’. அது முருகனையே பாத்திரமாக்கி, கோயில் யாருக்குரியதென்னும் வினாவைச் சைவர் முன் வைத்தது. கூத்து வடிவிலும் ஆடப்பட்டது. சைவர் சிலர் அதனைச் சமயநிந்தை என்றனராயின் அதில் வியப்பில்லை. என் கருத்தில், கதவை அடைத்ததே நிந்தை.

கூத்தின் முடிவைப் பற்றி ஒன்று. காமன் மீள்கின்றான், ஆயினும் உருவின்றி மீள்கின்றான். ரதி ஒருத்திக்கே அவன் தோன்றுவான், பிறர்க்கு அனங்கன். இதனை முழு நீதியென்று கொள்வதா, பாதி நீதியென்று கொள்வதா? 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழர் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1964 இன் ஒப்பந்தம் அவருள் 525,000 பேரை இந்தியாவிற்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. அவர் கேட்கப்பட்டிலர். எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்குஞ் சட்டம் 2003 இலேயே வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் கொழுந்து பறித்தனர், மணம் புரிந்தனர், இறந்தனர். அவர் வீட்டார் அவரைக் கண்டனர். சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் அவர் உருவிலாதார். அனங்கன் கதையைத் தோட்டத்துப் பிள்ளைக்கு விளக்க வேறு உவமை தேடவேண்டா.

வகுப்பில் இதனை நடத்தும் முறை எளிது. மூன்று பாடவேளை போதும். முதல் வேளையிற் கந்தபுராண வரலாற்றைச் சொல்க. அடுத்த வேளையில், கூத்துப் பார்த்த பிள்ளைகளைக்கொண்டு தர்க்கத்தை நடிப்பிக்க. ரதியாகப் பெண்பிள்ளையே நிற்கட்டும். பிரமனாக ஒரு பிள்ளையை எழுப்பி, ரதி கேட்பவற்றுக்கு அவன் சொந்த வார்த்தையில் விடை கூறுமாறு விடுக. கூத்தில் அவனுக்கு அவ்விடத்தில் வசனமில்லை. ஆதலின் நெட்டுருப் பண்ணிய விடை வாராது. தப்பு வாசிக்கத் தெரிந்த பிள்ளையை மூலையில் நிறுத்தாது நடுவில் அமர்த்துக. மூன்றாம் வேளையில் மறக்கருணை என்னுஞ் சித்தாந்தத்தை எடுத்துரைக்க. உரைத்தபின், ரதி வேடமிட்ட பிள்ளையை நோக்கி, இவ்விடை உனக்கு அமைந்ததா என்று கேட்டு, அவள் சொல்வதைக் கரும்பலகையில் எழுதுக.