சோடாக் கடை வருமானத்தில் எழுந்த பல் மருத்துவக் கல்லூரி

மருத்துவமனைக்கு வருவோர் பெரும்பாலும் ஒரு துணிப்பையுடன் வருவர். இரத்தப் பரிசோதனைத் தாள், ஸ்கேன் படம், மாத்திரைச் சீட்டு எல்லாம் அதனுள் ஒழுங்காக இருக்கும். வேறு ஏதேனும் தொந்தரவு உண்டா என்று கேட்டால், சற்று யோசித்துவிட்டு இல்லை என்பர். பல் ஆடுவதையும் ஈறில் இரத்தம் கசிவதையும் அவர்கள் நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. கன்னம் வீங்கி இரவுத் தூக்கம் கெட்ட பின்னரே பல் நினைவுக்கு வருகிறது. அப்போதும் முதலில் கிராம்பு எண்ணெய். சில வீடுகளில், சொல்லவே கவலையாக இருக்கிறது, சொத்தைக் குழியில் ஒரு துணுக்குப் புகையிலை.

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியா முழுவதும் இந்த நிலைதான். பல் பிடுங்குதல் மருத்துவத்தின் ஒரு பிரிவாகவே பலரால் மதிக்கப்படவில்லை. அந்த எண்ணத்தை மாற்றுவதில் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரின் வரலாறு இவ்விதழின் பாடமாக அமைகிறது. அவர் பெயர் டாக்டர் ரஃபியுதீன் அகமது. அவர் பிறந்த டிசம்பர் 24ஆம் நாளே இந்தியாவில் தேசியப் பல் மருத்துவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

1890ஆம் ஆண்டு, இன்று வங்கதேசமாக உள்ள கிழக்கு வங்காளத்தில் அவர் பிறந்தார். அலிகாரில் பயின்றார். இளமையிலேயே தந்தையை இழந்த அவர், கடல் கடந்து அமெரிக்கா சென்று அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் கற்று 1915இல் பட்டம் பெற்றார். அதன்பின் பாஸ்டன் நகரில், ஃபோர்சைத் சகோதரர்களின் கொடையால் குழந்தைகளுக்கென்றே எழுப்பப்பட்டிருந்த பல் மருத்துவமனையில் 1918 வரை பணியாற்றினார். வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்குப் பல் சிகிச்சை எட்டவேண்டும் என்பதே அந்நிறுவனத்தின் நோக்கம். ஒரு நகரம் தன் குழந்தைகளின் பற்களைப் பொதுப் பொறுப்பாக ஏற்பதை அவர் அங்கே நேரில் கண்டார். அவருடைய பிற்காலப் பணிகளுக்கெல்லாம் வித்து அங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

1919இல் நாடு திரும்பிக் கல்கத்தாவில் தொழில் தொடங்கினார். அமெரிக்கப் பட்டத்துடன் வந்த பல் மருத்துவர் தமக்கென ஒரு மருத்துவ அறையை நடத்திச் செல்வம் சேர்த்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அடுத்த ஆண்டே, 1920இல், கல்கத்தா பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அதுவே. அரசின் பெருங்கொடையோ ஜமீன்தாரின் நன்கொடையோ அதற்கு அடித்தளம் அன்று. 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்ற பெயரில் அவர் ஐஸ்கிரீமும் குளிர்பானமும் விற்கும் கடை ஒன்றை நடத்தினார். அதன் வருமானம் கல்லூரியைத் தாங்கியது. சர்க்கரை பல்லுக்குப் பகை என்பதைப் பிறருக்குக் கற்பித்தவர், சர்க்கரை விற்றே அந்த வகுப்பறையை நடத்தினார்! இதை எண்ணும்போது சிரிப்பும் வருகிறது, மரியாதையும் கூடுகிறது.

பெண்களும் அங்கே பயின்றனர். முகமது அலி ஜின்னாவின் தங்கை பாத்திமா ஜின்னா கல்கத்தாவில் இக்கல்லூரியில் பல் மருத்துவம் கற்றுத்தான் 1923இல் பம்பாயில் தம் மருத்துவ அறையைத் திறந்தார்.

கல்லூரியுடன் அவர் நிற்கவில்லை. 1925இல் இந்தியப் பல் மருத்துவ இதழைத் தொடங்கிப் பல ஆண்டுகள் அதன் ஆசிரியராக இருந்தார். 1928இல் மாணவர்களுக்கான பாடநூல் ஒன்றை எழுதி வெளியிட்டார். கற்றவர் யார், கல்லாமல் குறடு பிடித்தவர் யார் என்று நோயாளி பிரித்தறிய வழியற்ற காலம் அது. ஆகவே பல் மருத்துவத்தைச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப் பாடுபட்டார். 1939இல் வங்காளத்தில் அதற்கான சட்டம் பிறந்தது. நாடு முழுமைக்குமான பல் மருத்துவர் சட்டம் 1948இல் வந்தது. இன்று நீங்கள் செல்லும் பல் மருத்துவரின் சுவரில் பதிவு எண்ணுடன் ஒரு சான்றிதழ் தொங்குகிறதல்லவா? அது அங்கே தொங்குவதற்கு அடிப்படை அமைத்தது அந்தச் சட்டமே.

கல்கத்தா மாநகராட்சியில் உறுப்பினராகவும் அவர் பணியாற்றினார். 1949இல், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தாம் வளர்த்த கல்லூரியை மேற்கு வங்காள அரசுக்குக் கொடையாக அளித்தார். அது இன்று அவர் பெயரையே தாங்கி, சியால்டா ரயில் நிலையத்திற்கு அருகில் இயங்குகிறது. 1950 முதல் 1962 வரை அம்மாநில அமைச்சராக இருந்தபோது வேளாண்மை, சமுதாய வளர்ச்சி, கூட்டுறவு, நிவாரணம், மறுவாழ்வு ஆகிய துறைகள் அவர் பொறுப்பில் வந்தன. நாட்டுப் பிரிவினையால் வீடிழந்தோர் கல்கத்தாவில் நிறைந்திருந்த காலம் அது. 1964இல் பத்ம பூஷண் விருது பெற்றார், 1965இல் காலமானார். பட்டம் பெற்ற நாளிலிருந்து கணக்கிட்டால் ஐம்பதாண்டுப் பணி. நம் தமிழ்நாட்டில் அரசுப் பல் மருத்துவக் கல்வி சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது 1953இல்தான் என்பதை ஒப்பிட்டால், 1920இல் அவர் எடுத்த அடி எவ்வளவு முந்தியது என்பது விளங்கும்.

அவர் கல்லூரி தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆனபோது, நம் பகுதியிலிருந்து இருவர் அதே கல்கத்தாவுக்குச் சென்றனர். சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாருமே அவர்கள். 1922இல் அங்கே தீப்பெட்டித் தொழிலைக் கற்று, அடுத்த ஆண்டு ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினர். மழை பொய்த்த கரிசல் மண்ணுக்கு அது ஒரு புதிய பிழைப்பைத் தந்தது. தீப்பெட்டிக்கும் பல்லுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். மிக நெருங்கிய தொடர்பு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தீக்குச்சி முனையில் வெள்ளைப் பாஸ்பரசு கலந்த மருந்தைத் தோய்த்தனர். அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளர்களில் சிலருக்கு முதலில் வெறும் பல்வலியே வரும். பிறகு ஈறு வீங்கும், சீழ் வடியும், தாடை எலும்பு உயிரிழந்து, நாற்றத்துடன் சிறிது சிறிதாக வெளிப்படும். தாடையையே அறுத்து நீக்க வேண்டிய நிலையும் வந்தது. சொத்தைப் பல்லும் பல் பிடுங்கிய புண்ணும் அந்நோய்க்கு வாசலாக இருந்ததை மருத்துவர்கள் கண்டனர். ஆகவே பிரிட்டனில் அத்தொழிலாளர்களுக்குப் பல் பரிசோதனை விதியாக்கப்பட்டது. ஆனால் பல்வலி என்று வாய்திறந்தால் வேலை போய்விடும் என்று அஞ்சிப் பலர் மறைத்தனர். 1888இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் துணைநின்று எழுதியவர், பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசன்ட் அம்மையார்.

1906இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வெள்ளைப் பாஸ்பரசுத் தீக்குச்சிகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை உருவானது. இந்தியாவில் 1913இல் தடைச்சட்டம் வந்தது. சிவகாசியில் முதல் தீப்பெட்டி உருவானது அதற்குப் பத்தாண்டுகள் கழித்தே. இன்றைய தீப்பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் இருப்பது சிவப்புப் பாஸ்பரசு. அது வேறு தன்மையுடையது. எனவே தீப்பெட்டி ஆலையில் வேலை செய்வோர் இந்த நோயை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் அதே தோற்றமுள்ள தாடை நோய் 2003ஆம் ஆண்டளவில் மீண்டும் மருத்துவ இதழ்களில் பேசப்படலாயிற்று. இம்முறை காரணம் ஆலை அன்று, மருந்து. புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்குச் செலுத்தப்படும் சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் போன்ற ஊசிகளும், எலும்புத் தேய்மானத்திற்குத் தரப்படும் அலெண்ட்ரோனேட் போன்ற மாத்திரைகளும் எலும்பு கரைவதைத் தடுக்கின்றன. அதனால் பெரும் நன்மை உண்டு. எனினும் இவற்றைப் பெறுவோரில் சிலருக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமல், தாடை எலும்பு வெளித்தெரியும் நிலை வரலாம். எலும்புத் தேய்மானத்திற்கு மாத்திரை உண்போரிடம் இது அரிது. புற்றுநோய்க்காக ஊசி பெறுவோரிடம் அதைவிட அதிகம்.

ஆகவே, "எலும்புக்கு ஊசி போடப் போகிறோம்" என்று மருத்துவர் சொல்லும் நாளிலேயே, அதற்கு முன் பல்லைக் காட்ட வேண்டுமா என்று கேளுங்கள். பிடுங்கவேண்டிய பல்லைப் பிடுங்கி, புண் ஆறிய பின் ஊசியைத் தொடங்குவதே நல்லது. ஏற்கெனவே ஊசி பெறுபவர் பல் மருத்துவரிடம் செல்லும்போது அந்தச் சீட்டைக் கையோடு எடுத்துச் செல்லவேண்டும். அஞ்சி மருந்தை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. வாய், தொண்டைப் பகுதிக்குக் கதிர்வீச்சு பெறுவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சிகிச்சை முடிந்து ஆண்டுகள் பல கழிந்தாலும் பல் பிடுங்குமுன் அதைச் சொல்லவேண்டும். இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உண்போரும் அவ்வாறே. நீரிழிவு உள்ளவர் வீட்டில் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: ஈறு நோய் முற்றினால் சர்க்கரை கட்டுப்படுவது கடினமாகும், சர்க்கரை ஏறினால் ஈறு மேலும் கெடும்.

புகையிலையும் பாக்கும் மெல்லும் பழக்கமுள்ளவரின் வாயை வீட்டார் அவ்வப்போது வெளிச்சத்தில் பார்ப்பது நன்று. இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முன்போல் அகலத் திறக்க இயலாமை ஆகியவற்றில் எதைக் கண்டாலும் வலி வரும்வரை காத்திருக்கலாகாது. தொடக்க நிலையில் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி இல்லை என்று நாள் கடத்தி வருவோரைத்தான் நாங்கள் அதிகம் காண்கிறோம்.

படுக்கையில் இருப்பவரைப் பராமரிப்போர், மேனி துடைப்பது போலவே வாய் துடைப்பதையும் அன்றாடப் பணியாகக் கொள்ளவேண்டும். வாயில் சேரும் கிருமிகள் உமிழ்நீருடன் மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் நுரையீரல் அழற்சி வரக்கூடும். உணவு குழாய் வழியே செல்கிறது, வாயால் உண்பதில்லை, பிறகேன் பல் துலக்குவது என்று சிலர் கேட்பதுண்டு. உண்ணாத வாயிலும் கிருமி சேரும். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி, முகத்தை ஒருபுறம் திருப்பி, மென்மையான தூரிகையாலோ நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியாலோ பல், ஈறு, நாக்கு மூன்றையும் காலையும் இரவும் துடைக்கவேண்டும். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றிக் கொப்பளிக்கச் செய்ய முயலக் கூடாது. உதடு வெடிக்காதிருக்க ஏதேனும் தடவலாமா என்பதைச் செவிலியரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

பல் செட் அணிந்தவராயின் இரவில் அதைக் கழற்றி, துலக்கி, மூடியுள்ள கிண்ணத்தில் குளிர்ந்த நீரில் இட்டு வையுங்கள். வெந்நீரில் இட்டால் வளைந்துவிடும். கிண்ணத்தின்மேல் நோயாளியின் பெயரை எழுதி ஒட்டுங்கள். தாளில் சுற்றித் தலையணைக்கடியில் வைத்த பல் செட், காலையில் விரிப்பு மாற்றும்போது துணியோடு போய்விடுகிறது.